தெள்ளுப்பூச்சியும் நலம் விசாரிக்க வந்தவர்களும்

ஒரு காட்டில் முன்பெல்லாம் சிங்கம் ராஜாவாக இருந்தது. இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சிங்கமும் அதில் ஓர் உறுப்பினர்தான். தினமும் காலையில் ஒரு பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும். அத்தோடு அதன் ஆட்சி முடிந்துவிடும்.

அந்தக் காட்டில் செம்பி என்று ஒரு நாய் இருந்தது. நாய்க்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். குட்டி போடப் போகிறது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டோரமாக இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ரொம்ப நல்ல மனிதர்கள். பிறந்தது ஒரே குட்டி. பொட்டு என்று பெயர். கண் திறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்தது.

பொட்டுவின் உடம்பு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. வயிற்றடியில் முடியை விலக்கினால் கறுப்பு கறுப்பாக ஓடும், பிடிக்கப் போனால் குதிக்கும். குட்டி சொறிந்து சொறிந்து களைத்து, பால் குடிக்கும்போதே தூங்கிப்போகும். ஒரு நாள் அது கொட்டாவி விட்டபோது செம்பி அதன் வாயைப் பார்த்தது. சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. உடனே குட்டியைக் கவ்விக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

அங்கே டோக்கன் வாங்க ஒரு வரிசை. வாங்கிய டோக்கனைக் காட்ட இன்னொரு வரிசை. டாக்டர் ஒரு கொக்கு. குட்டியைப் புரட்டிப் பார்த்தது, ஈறை அழுத்திப் பார்த்தது.

"ரத்தம் குறைஞ்சிருக்கும்மா. எல்லாம் இந்தப் பூச்சி குடிச்சதுதான். ஆனா இவ்வளவு சின்னக் குட்டிக்கு மருந்து, பவுடர், ஸ்ப்ரே எதுவும் போடக் கூடாது. பெரிய நாய்க்குப் போடுறதைப் போட்டா பூச்சியோட சேர்ந்து குட்டியும் போயிடும்."

"அப்ப என்ன டாக்டர் பண்றது?"

"வெதுவெதுன்னு தண்ணி, குழந்தை சோப்பு கொஞ்சம். கண்ணுல மூக்குல படாம குளிப்பாட்டி, உடனே துவட்டி, குளிராம வச்சுக்க. அப்புறம் பேன் சீப்பால வாரு. சீப்புல வர்றதைச் சோப்புத் தண்ணியில முக்கிடு, இல்லேன்னா திரும்பக் குதிச்சு ஏறிக்கும். படுக்கிற சாக்கை தினமும் கொதிக்கிற தண்ணியில துவை. உன் மேல இருக்கிற பூச்சிக்கு ஒரு மாத்திரை தர்றேன், பால் குடுக்கிறவங்க சாப்பிடலாம். ஈறு இன்னும் வெளுத்துதுன்னா யோசிக்காம தூக்கிட்டு வந்துடு."

"ஊசி போடலையா டாக்டர்?"

"தேவையில்ல."

செம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் சொன்னதை அப்படியே செய்தது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கவலை தாங்காமல் குழுவில் ஒரு வரி எழுதிவிட்டது: 'பொட்டுவுக்கு உடம்பு சரியில்லை. எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.'

வேண்டிக்கொள்வது உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய காரியம். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பு சரியில்லாத குழந்தையை நேரில் வந்து பார்க்க வேண்டும். எட்டி நின்று பார்த்தால் மரியாதை இல்லை, மடியில் வாங்கிக் கொஞ்ச வேண்டும். ஒரு வைத்தியம் சொல்ல வேண்டும். கிளம்பும்போது டாக்டரைத் திட்ட வேண்டும். குட்டியைத் தர மாட்டேன் என்று தாய் சொன்னால் அவளுக்குத் திமிர் என்று அர்த்தம்.

முதலில் வந்தது கரடி. உறவில்லாவிட்டாலும் எல்லோருக்கும் அது பெரியப்பா. குட்டியை வாங்கித் தன் சடை மார்பில் சாத்திக்கொண்டது.

"ஊசி போடாத ஆளெல்லாம் ஒரு டாக்டரா? மண்ணெண்ணெயை ஒரு துணியில நனைச்சு மேலெல்லாம் தடவிவிடும்மா. நாங்கல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்."

கரடியின் முதுகில் பாதி இடத்தில் முடியே கிடையாது. அதைப் பற்றி அந்தக் காட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்து காட்டுப்பன்றி அத்தை வந்தது. செம்பி அப்போதுதான் துவைத்துக் காயவைத்து விரித்திருந்த சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்தது.

"அந்துருண்டையைத் துணியில முடிஞ்சு கழுத்துல கட்டுடி. ஒரு பூச்சி நிக்காது."

"நக்கிடுவானே அத்தை."

"நக்கினா நக்கட்டும். வயித்துக்குள்ள இருக்கிற பூச்சியும் சாகும்."

கடைசியாக நரி. சுற்றுலா பங்களாவில் யாரோ வைத்துவிட்டுப் போன சொட்டு மருந்தை ஆட்டிக்கொண்டே வந்தது. "இருபது கிலோ நாய்க்குன்னு போட்டிருக்கு அக்கா. நம்ம பொட்டுக்குப் பாதி ஊத்தினா போதும்," என்றது. பிறகு குட்டியை மடியில் போட்டு ஒரு செல்ஃபி எடுத்து, 'விரைவில் நலம் பெற' என்று ஸ்டேட்டஸ் வைத்தது. படத்தில் முக்கால்வாசி நரிதான் இருந்தது.

செம்பி முட்டாள் இல்லை. அவர்கள் கொண்டுவந்த மண்ணெண்ணெய், அந்துருண்டை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தலையாட்டிவிட்டு, அவர்கள் போனதும் குழி தோண்டிப் புதைத்துவிட்டது. மறுநாள் கேட்டவர்களிடம் "போட்டேன் பெரியப்பா", "கட்டினேன் அத்தை" என்று வாய் கூசாமல் பொய் சொன்னது. மருந்திலிருந்து குட்டியைக் காப்பாற்றிவிட்டது. மடியிலிருந்து காப்பாற்றத்தான் வழி தெரியவில்லை.

காலையில் குளிப்பாட்டி வாரினால் குட்டி சுத்தமாக இருக்கும். சாயங்காலம் இவர்கள் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் மறுபடியும் வயிறெல்லாம் கறுப்பு கறுப்பாக ஓடும். கரடியின் மார்பிலிருந்து கொஞ்சம், பன்றி உட்கார்ந்த சாக்கிலிருந்து கொஞ்சம், நரியிடமிருந்து நிறைய. ஒரு நாள் செம்பி மென்று முழுங்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தது.

"அத்தை, எல்லாரும் குளிச்சிட்டு வந்து குட்டியைத் தூக்கினா நல்லாயிருக்கும்."

"என்னடி சொல்ற? எங்க வம்சத்துலயே பூச்சி கிடையாது," என்றது பன்றி, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டே. அதற்கப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஆனால் வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

பொட்டு இன்னும் மெலிந்தது. ஒரு சாயங்காலம் அது சொறிவதையே நிறுத்திவிட்டது. காலைத் தூக்கத் தெம்பில்லை.

"பாத்தியா, சொறியறதை விட்டுட்டான். மண்ணெண்ணெய் வேலை செய்யுது," என்றது கரடி.

"அந்துருண்டை," என்றது பன்றி.

நரி இன்னொரு படம் எடுத்தது.

செம்பிக்கு அவர்களைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. கடிக்கவில்லை. அவர்கள் போனதும் குட்டியின் ஈறைப் பார்த்தது; நல்ல வேளை, மேலும் வெளுக்கவில்லை. குட்டியை அணைத்துப் படுத்துக்கொண்டு, மானத்தை விட்டுக் குழுவில் எழுதியது: 'என்னால் தனியாக முடியவில்லை. நாளை யாராவது வந்து வெந்நீர் வைத்துக் கொடுங்கள். ஒருவர் சாக்கைத் துவைத்துக் கொடுங்கள். நான் குட்டியைப் பிடித்துக்கொள்கிறேன், ஒருவர் சீப்பால் வாரிவிடுங்கள்.'

எல்லோரும் படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. கரடி, கைகூப்பும் படம் ஒன்று போட்டது. பன்றிக்குத் திடீரென்று வெளியூரில் ஒரு விசேஷம் வந்துவிட்டது. நரி பேச்சை மாற்றி, ஒரு குரங்கு நடனமாடும் வீடியோ அனுப்பியது. காலையில் சிங்கம் வழக்கம்போல் பூப்படம் போட்டது.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உலகத்தில் தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று செம்பி அழுதது. அழுதுகொண்டே வெந்நீர் வைத்தது, துவைத்தது, குளிப்பாட்டியது, வாரியது. சில நாளில் சீப்பில் வரும் பூச்சி குறைந்தது. அப்புறம் வெறும் முடிதான் வந்தது. ஒரு காலை பொட்டு தாயின் காதைக் கடித்து இழுத்து எழுப்பியது. செம்பிக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் ஈறைப் பார்த்தது. "நல்லா சிவந்திருக்கே. என்னம்மா பண்ணின?"

"நீங்க சொன்னதைத்தான் டாக்டர் முதல்லேர்ந்து பண்ணினேன். பூச்சி அதுக்குக் கேக்கவே இல்ல. அப்புறம் எல்லார்கிட்டயும் உதவி கேட்டேன்."

"யார் வந்தாங்க?"

"ஒருத்தரும் வரல."

"அதுதான் கேட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

செம்பி யோசித்துக்கொண்டே வீடு திரும்பியது. பொட்டு தேறிவிட்டான் என்று குழுவில் எழுதியது. எழுதின சூட்டோடு பதில்கள் வந்தன. மண்ணெண்ணெய் என்றால் சும்மாவா என்றது கரடி. பன்றி தன் வைத்தியத்தைக் காடு முழுக்கப் பரப்பச் சொன்னது. நரி தன் பழைய செல்ஃபியை மறுபடி போட்டது. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து வந்து குட்டியைக் கொஞ்சப் போவதாகவும் தெரிவித்தார்கள்.

செம்பி உடனே பதில் எழுதியது: 'அவசியம் வாங்க. துவைக்க இரண்டு சாக்கு எடுத்து வைக்கிறேன்.'

இன்றுவரை யாரும் வரவில்லை. பொட்டு கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருக்கிறது.

நீதி: குட்டியின் மேல் ஏறும் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீரும் சீப்பும் போதும். குட்டியைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு, உதவி கேட்டால் போதும், ஒன்றுகூட மிஞ்சாது.