பாயின் குடுவையில் பீட்ரூட் சிவப்பு

கொடைக்கானலில் யார் எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்பதைக் கடவுளுக்கு அடுத்தபடியாக அறிந்திருந்தவர், எங்கள் மருத்துவமனையின் வார்டு ஊழியர் ஒருவரே. அறுபதுகளில் நான் அங்கே டாக்டர். அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் அவுன்ஸ்.

காலை ஏழு மணிக்குக் கண்ணாடி அளவு ஜாடியோடு கிளம்பி, நோயாளிகளின் குடுவைகளில் ஒரு நாளில் சேர்ந்ததை அளப்பார். முப்பது அவுன்ஸுக்குக் குறைந்தால் நோயாளி தொலைந்தார். "ஏலே, குடிச்ச தண்ணியெல்லாம் எங்க போச்சு? ஏரியில கொண்டுபோய் விட்டியாக்கும்?" என்று வார்டே அதிரக் கேட்பார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரையும் அவ்வாறே விசாரித்தார். மரியாதைக்காக ஒரு 'ங்க' மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அக்காலத்தில் கடைவீதி மளிகைக்கடை பாய், காலில் பச்சைச் சீழ் வைத்த புண்ணோடும் கடுங்காய்ச்சலோடும் வந்து சேர்ந்தார். கானமைசின், பாலிமிக்சின் ஆகிய இரண்டு ஊசிகளையும் ஒருங்கே போட உத்தரவிட்டேன். இரண்டுமே சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பவை. சேர்த்துப் போட்டால் அபாயம் இன்னும் பெரிது. அதை அறியாதவன் அல்லேன் நான். சிறுநீரின் அளவு குறையாதவரை அஞ்ச வேண்டியதில்லை என்று கருதினேன். அவுன்ஸின் ஏட்டிலோ நாள்தோறும் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.

அவர் வந்த நான்காம் நாள், காய்ச்சல் தணிந்திருந்த காலையில், அவுன்ஸ் இரு குடுவைகளோடு என் அறைக்குள் பாய்ந்தார். இரண்டும் செக்கச்செவேலென்றிருந்தன.

"ஐயா, பாய்க்கு ரத்தமாப் போகுது. பக்கத்துக் கட்டில் பள்ளங்கி ஊர்க்காரருக்கும் போகுது!"

"பதறாதீர். பள்ளங்கிக்காரர் வீட்டிலிருந்து நேற்று பீட்ரூட் பொரியல் வந்ததே. சிலருக்கு அது இப்படித்தான் இறங்கும்" என்றேன், சற்றே பெருமிதத்துடன்.

"பள்ளங்கிக்காரரு தின்னாரு, சரிங்க. பாய் நாலு நாளா கஞ்சியத் தவிர எதத் தொட்டாரு?"

என் பெருமிதம் போன இடம் தெரியவில்லை.

வார்டுக்கு ஓடினோம். உருளைக்கிழங்கு விவசாயியான பள்ளங்கிக்காரர் போர்வைக்குள்ளிருந்தே ஒப்புக்கொண்டார்.

"பாய்க்கு வரவே மாட்டேங்குதுங்க. அவுன்ஸண்ணன் வைவாரேன்னு என்னோடதுல கொஞ்சம் ஊத்துனேன். எனக்குத்தான் தாராளமாக் கெடக்கே!"

"ஒதவி செய்யற மூஞ்சியப் பாரு!" என்று சீறிய அவுன்ஸ், மறுகணம் தம் தலையிலேயே அடித்துக்கொண்டார். "நான் வஞ்ச வசவுக்குப் பயந்துல்ல இவ்வளவும் நடந்திருக்கு."

பாய்க்குச் சொந்தமாக வந்தது நாளொன்றுக்கு ஆறே அவுன்ஸ். இரண்டு ஊசிகளையும் அக்கணமே நிறுத்தினேன். மறுநாள் ஐந்து. அதற்கடுத்த நாள் ஏழு. அவுன்ஸ் யாரையும் வையவில்லை. பாயின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "பயப்படாதீங்க பாய், வர்றபோது வரட்டும். யாரு கேக்கப்போறா?" என்று அவர் சொன்னதைக் கேட்டு வார்டே மிரண்டது.

ஒரு வாரம் சென்றபின், மதுரையிலிருந்து வந்திருந்த மூத்த மருத்துவர் ஒருவர் என் அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். நடந்த குளறுபடி அவர் காதுக்கு எட்டாமல் நான் படாத பாடு பட்டுக் காத்து வைத்திருந்தேன். கதவைத் தட்டாமல், நிறைந்த ஜாடியோடு நுழைந்தார் அவுன்ஸ்.

"ஐயா, இருபத்தாறு! அம்புட்டும் பாயோடதுதான். பள்ளங்கிக்காரர வெளிய நிறுத்திட்டு, நானே கூட நின்னு பாத்தேன்!"

விருந்தினர் கோப்பையைக் கீழே வைத்தார். அவுன்ஸின் கையில் ஜாடி தளும்பியது. நான் எழுந்து சென்று, அவர் கைகளோடு சேர்த்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.