கல்லுக்கு வைத்த படையல்

மேட்டில் இன்னொரு கல்லைக் காணவில்லை.

இருளாண்டிக் கங்காணி மீதிக் கற்களை எண்ணிப் பார்த்தார். மலாயாவில், அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், முள்வேலிக்கு வெளியே இருந்த அந்த மேடு ஆதிகாலத்து மனிதர்களின் புதைகுழியாம். "மியூசியத்து ஆள் வந்து பாக்குற வரைக்கும் ஒரு கல்லு அசைஞ்சாலும் உன் வேலை போச்சு" என்று துரை சொல்லியிருந்தார். லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களோ சின்னக் கற்களை அடுப்புக்கு வசதியென்று தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இருளாண்டி பெரிய கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டினார்.

"கனவுல முனி வந்துச்சு லா! கல்லத் தொட்டவன் கைய முறிக்குமாம்."

அன்று மாலையே கற்களெல்லாம் திரும்பி வந்தன. கூடவே பொங்கல் பானையும் வந்தது.

அங்கேதான் வம்பு. வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலச் சட்டப்படி வேலிக்கு வெளியே ஒரு கவளம் சோறு போகக்கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஆனால் கேட்டில் பை பையாகச் சோதிக்கும் தோட்டக் காவலாளி அங்கமுத்துவே சாமி காரியமென்று பானையை விட்டுவிட்டான். காலையில் படையல் இலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். "யாருக்குய்யா சோறு வைக்கிற?"

"சாமிக்குங்க."

"சாமியா வந்து தின்னுச்சு?"

வீட்டில் சோற்றைத் தொடாத இருளாண்டியின் மேல் மனைவி பெரியநாயகிக்கு வேறு சந்தேகம். "பயமாம், சோறு எறங்கலயாம்! அங்க போய் நீங்கதான திங்கிறீங்க?" என்று புருஷனின் சட்டையை மோந்து பார்த்தாள்.

இனிச் சோறு வேண்டாம், பழம் போதும் என்று முனியின் பெயரில் இருளாண்டி உத்தரவு போட்டார். மறுநாள் தோல் மட்டும் கிடந்தது.

"ஒன் சாமி தோல உரிச்சிட்டுத்தான் சாப்பிடுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பழமும் வேண்டாம், சுருட்டு மட்டும் என்றார் இருளாண்டி. விடிந்து பார்த்தால், நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து இழுத்ததுபோல் கல்லைச் சுற்றிச் சுருட்டுத் துண்டுகள்.

இன்ஸ்பெக்டர் அவர் கையில் விலங்கை மாட்டினார்.

"காட்டுக்காரனுங்க கூட்டமே இங்க கூடுது. கல்லு இருந்தாத்தான படையலு? அங்கமுத்து, வெடி வச்சுத் தூக்கு!"

"ஐயா, என்னைய உள்ள போடுங்க. கல்ல விட்டுடுங்க!"

தானே பூசிய மஞ்சள்தான். இருந்தும் இருளாண்டிக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அங்கமுத்து ஜீப்பிலிருந்து எடுத்த வெடியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க சார். ராத்திரி ரோந்து வர்ற நாங்க எல்லாரும் இந்தச் சாமி சோத்தத்தான் திங்கிறோம். தின்ன கையாலயே எப்படி சார் வெடி வைக்கிறது?"