இரண்டு அடிக்கல், ஒரு பூட்டு

எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருந்த ஒரு நாட்டின் வடகோடியில் கரட்டுப்பட்டி இருந்தது. ஒன்பது வயது முடிவதற்குள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளாத பிள்ளை அரசுக் கல்குவாரிக்குப் போக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. மாரக்காளின் மகள் பூவாயிக்கு எட்டு நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறைவைத்து ஊராரே பள்ளிக்கூடம் கட்ட மண் குழைத்தார்கள். சுவர் கழுத்தளவு வந்தபோது கட்டட ஆணையர் வந்தார்.

“அடிக்கல் எங்கே?”

“அடியிலதான் சாமி இருக்கு. இல்லேன்னா சுவரு நிக்குமா?” என்றார் கொத்தனார் வீரணன்.

“நாட்டியவர் யார்?”

“நான்தாங்க.”

“நீ வைத்தது வெறும் கல். அமைச்சர் வைப்பதே அடிக்கல். அது இல்லாத சுவர் சட்டப்படி சுவரே அல்ல. இடியுங்கள்.”

“சுவரே இல்லேன்னா எதைங்க இடிக்கிறது?” என்றாள் மாரக்காள்.

அதற்கும் ஒரு விதி இருப்பதாக ஆணையர் சொன்னார். இடித்தார்கள்.

அமைச்சர் வந்து கல் நாட்டினார். மறுமாதம் தேர்தல். இரண்டு கட்சிகளுமே பள்ளிக்கூடம் தருவதாகச் சொன்னதால் யாருக்குப் போடுவதென்று புரியாமல் ஊர் பாதிப்பாதியாக வாக்களித்தது. புதிதாக வந்த அமைச்சர், பழையவரின் கல்மீது எதுவும் எழக்கூடாது என்று ஆணையிட்டு, பத்தடி தள்ளித் தன் கல்லை நாட்டினார்.

தலைநகரில் அடிக்கல் ஒன்றுக்குப் பள்ளி ஒன்று என்று பதிந்தார்கள். ஆணையர் ஓலை கொண்டுவந்து வாசித்தார்: கரட்டுப்பட்டியில் பள்ளிகள் இரண்டு. மாணவர் எவரும் வருவதில்லை. இரண்டும் மூடப்படும்.

“இதையெல்லாம் எப்பப்பா தொறந்தாங்க?” என்றார் வீரணன். யாருக்கும் தெரியவில்லை. சிலர் கரட்டுக் குன்றுக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு வந்தார்கள்.

மூடுவதென்றால் பூட்ட வேண்டும். பூட்டக் கதவு வேண்டும், கதவுக்குச் சுவர் வேண்டும். உடனே கட்டச் சொன்னார் ஆணையர். இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே கதவு போதும் என்று சலுகையும் காட்டினார். மாரக்காள் தன் முறை முடிந்த பிறகும் மண் சுமந்தாள். கட்டடத்தைக் கண்ணால் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று நினைத்தாள்.

பூட்டு விழாவுக்கு மேளம் வந்தது. ஆணையர் கதவைப் பூட்டி, ஊரின் சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டினார்.

“இதுல என்ன சாமி எழுதியிருக்கு?” என்றாள் மாரக்காள்.

“நிதானமாகப் படித்துப் பாரம்மா. கட்டாயமில்லை.”

ஊர் வரிசையாகக் கைநாட்டு வைத்தது. அன்றைக்குப் பூவாயிக்கு ஒன்பது முடிந்திருந்தது. “இனி இவளும் குடிமகள்” என்று ஆணையர் மரியாதையாக அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

மை காய்வதற்குள் குவாரி வண்டி வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது என்பதற்கு வண்டிக்காரர் வேறு சான்று கேட்கவில்லை.