மிதித்தால் மட்டும் வரும் சத்தம்

கல்முனைப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் பட்டப்பகலில் தெருவில் நிறுத்தி உறும வைத்த ஒரே ஆள் சத்தக்காக்காதான். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்; 'சத்தம்' ஊர் வைத்த பட்டம். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் கார் கராஜ் வைத்திருக்கிறார். பெல்ட், பெயரிங் என்று நாம் வாய் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். கார் போடும் சத்தத்தை நாம் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பொனட்டைத் திறப்பார்.

வங்கி முகாமையாளர் ஒருவர் கழுத்து டையோடு அங்கே நின்று 'கீச்ச்ச்' என்று கத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அட்டாளைச்சேனை ஹாஜியார் ஒருவர், சத்தம் மறந்துவிடும் என்ற பயத்தில், நிந்தவூர் தாண்டி வரும் வழியெல்லாம் 'ங்ங்ங்' என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். ஸலாம் சொன்னவர்களுக்குக் கையால்தான் பதில்.

என் முறையும் வந்தது. வேகம் கூட்ட மிதித்தால் கார் நடுங்கியது. டயர் என்றார் ஒருவர், மாற்றினேன். என்ஜின் மவுண்ட் என்றார் இன்னொருவர்; அதையும் மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. இன்னும் மூன்று நாளில் மாமாவும் மாமியும், அதாவது என் மனைவியின் பெற்றோர், மக்காவுக்கு உம்றாப் பயணம் புறப்படுகிறார்கள். மஹியங்கனை மலை வளைவுகளில் ஏறி அவர்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் மாமியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டே கராஜுக்குள் விட்டேன்.

அடிவயிற்றிலிருந்து உறுமினேன்.

"அது லொறி தம்பி. உங்கட கார் என்ன சொல்லுது?"

மறுபடி முயன்றேன். அது தண்ணீர் மோட்டார் என்றார்.

அப்போது பின் கண்ணாடி இறங்கியது. பத்து வருடத்தில் என்னோடு முழுதாகப் பத்து வார்த்தை பேசியிராத மாமி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கன்னம் அதிர 'டுகு டுகு டுகு டுகு' என்றார். கராஜே வேலையை நிறுத்திப் பார்த்தது.

சத்தக்காக்கா கண்களை மூடிக்கொண்டு, அக்காவிடம் கேட்பதுபோல் மாமியிடம் கேட்டார். "மருமகன் கால எடுத்தா நிக்குதா, ராத்தா?"

"ஓம், நிக்குது. மிதிச்சா திரும்பவும் வருது. மேட்டுல இன்னும் கூடுது."

"டயரெண்டா கால எடுத்தாலும் ஆடும். இது சில்லச் சுத்துற எக்ஸலுட உள்மூட்டு."

வெறும் நடுக்கம்தானே, போய் வந்து பார்க்கலாம் என்றேன். அவர் சாவியை உருவிச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டு லுஹர் தொழப் போய்விட்டார். நாங்கள் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் கழற்றிய மூட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் முழுக்க ஒழுகி, உள்ளே உருளைகள் பள்ளம் விழுந்து கிடந்தன. இதோடு போயிருந்தால் மலையில் கழன்றிருக்கும் என்றார். எல்லாவற்றையும் மாமியிடம்தான் காட்டினார். நான் எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

புது மூட்டுப் போட்டுப் புறப்பட்ட காலையில் சத்தக்காக்கா வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். அம்பாறையில் ஒரு வேலை இருக்கிறதாம். முன் சீட்டில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார். அம்பாறை வந்தது, இறங்கவில்லை. மஹாஓயாவில் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். மஹியங்கனை தாண்டி, கடைசி வளைவும் ஏறி முடிந்த பிறகுதான் கண் திறந்தார். இனிப் பயமில்லை என்று இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

கொஞ்சத் தூரம் போனதும் மாமி கேட்டார்: "மக்காவில அவருக்காக துஆ கேக்கணும். அவர்ர பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை. காரைத் திருப்பினேன்.

கார் திரும்பி வருவதைக் கண்டவர் முகம் வெளுத்து ஓடி வந்தார். "திரும்பவும் வருதா?"

"இல்ல காக்கா. மாமிக்கு உங்கட பேரு வேணுமாம், துஆவுக்கு."

வெள்ளைச் சட்டையின் கொலரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு கண்ணாடி வழியே குனிந்து, மாமிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மக்காவில் துஆ கேட்டபோது என் பெயரைச் சொல்லுமுன்பே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டதாக மாமி திரும்பி வந்து சொன்னார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.