நன்னாரி சர்பத்துக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம்

பத்து வருடம் கழித்து என்ன நடக்கும் என்று எழுதுவது மிகச் சுலபம். அங்கே வெயில் இல்லை, மழை இல்லை, மின்வெட்டு இல்லை. அடுத்த வாரத்தைப் பற்றி எழுதச் சொன்னால்தான் பேனா ஓடாது. வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து, "உங்களுக்குத் தொலைநோக்கு போதாது" என்று பலரைத் திருப்பி அனுப்பியவன் நான். (அவர்களில் சிலர் இப்போது காரில் போகிறார்கள். டவுன் பஸ் ஜன்னல் வழியாக நான் பார்க்கிறேன்.)

ஓய்வு பெற்ற என்னிடம் வந்து மாட்டியவன் மச்சினன் கணேசன். பங்குனியில் துபாயிலிருந்து வந்தவன், பாளையங்கோட்டையில் சீவலப்பேரி போகும் சாலையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு கடையைப் பிடித்தான். நன்னாரி சர்பத் கடை. ஓடினால் ஊரோடு இருப்பான். இல்லாவிட்டால் கார்த்திகையில் மறுபடி விமானம். அவன் மனைவி செல்வி என்னிடம், "அண்ணன், இவுகள எப்படியாவது இங்கனயே நிறுத்திருங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் உடனே பத்தாண்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தேன்.

சித்திரையில் கணேசன் வந்தான்.

"அத்தான், வெயிலு மண்டையப் பொளக்கு. கடையத் திறந்துருவமா?"

"ஏலே, அக்னி நட்சத்திரத்துல எவனாவது புதுத் தொழில் தொடங்குவானா?"

"சர்பத்துக் கடைதான அத்தான்?"

"எந்தக் கடையா இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

ஆனியில், திட்டப்படி நான்காம் ஆண்டு திறக்கவிருந்த தச்சநல்லூர்க் கிளையில் சிக்கல். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி முழுவதும் ஆழ்வார்குறிச்சிக் கிளைக்கு யாரை மேலாளராகப் போடுவது என்ற யோசனையிலேயே போனது. (முதல் கடையில் இன்னும் ஒரு எலுமிச்சம்பழம்கூட நறுக்கவில்லை.) புரட்டாசியை நானே தள்ளி வைத்தேன். ஐப்பசியில் திட்டம் முடிந்தது. நல்ல நாளும் கிடைத்தது. தாமிரபரணி கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. திட்டத்தில் ஆற்றைப் பற்றியும் ஒரு வரி உண்டு: தண்ணீர்த் தட்டுப்பாடு வராது.

திறப்பு விழாவன்று கடை வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்க இடமில்லை. அவ்வளவு கூட்டம். எனக்குப் புல்லரித்தது. ஒரு நாற்காலியில் ஏறி நின்று பேச ஆரம்பித்தேன்.

"இரண்டாம் ஆண்டில் சீவலப்பேரி..."

வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். "ரெண்டாம் ஆண்டா? அதுவரைக்கும் பஸ்ஸு கிடையாதாவே?"

இது பஸ் அறிவிப்பு அல்ல, கடைத் திறப்பு என்று விளக்கினேன்.

"கடையா? சூடா என்ன இருக்கு?"

"நன்னாரி சர்பத். ஐஸ் போட்டது."

"ஆளக் கொல்லவா பாக்கீரு?"

கூட்டம் சிரித்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். (ஏறியதைவிட அது கஷ்டமாக இருந்தது.) உள்ளே கணேசன் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அத்தான், பேசாம டிக்கெட்டப் போட்டுருதேன்" என்று மெல்லச் சொன்னான். நான் பத்தாண்டுத் திட்டத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வி, நனைந்து கிடப்போமே என்று எங்கள் இருவருக்கும் பிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் வேட்டிக்காரர் திரும்பினார்.

"தாயி, அதுல ஒரு வாய் கிடைக்குமா?"

அவருக்குக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கொடுக்க வேண்டும். பிளாஸ்க் காலியானது. செல்வி மழையிலேயே வீட்டுக்கு ஓடி, அடுப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சர்பத் கிளாசுகளில் சுக்குக்காப்பி ஆவி பறந்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

கணேசன் விமானம் ஏறவில்லை. கடை இப்போதும் ஓடுகிறது: வெயிலில் சர்பத், மழையில் சுக்குக்காப்பி. கிளைகள் எதுவும் இல்லை. என் திட்டத்தைச் செல்வி மட்டும் மறக்கவில்லை. கடைக்குக் கிளம்பும்போது, மழை வருமா என்று அவள் வானத்தைப் பார்ப்பதில்லை. என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

"அண்ணன், இன்னைக்குத் திட்டம் ஏதும் எழுதுதியளா? மாடியில துணி காயப் போட்டிருக்கேன்."