நாலு வயசு யாழினிக்கு மலேரியா

எனக்கு யாரிடமும் வழி கேட்கப் பிடிக்காது. கூச்ச சுபாவம் என்று நான் சொல்லிக்கொள்வேன். திமிர் என்று என் மாமியார் சொல்வார். (மாமியார் சொல்வதுதான் சரி. ஆனால் நான் ஒப்புக்கொண்டதாக அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.) புதுக்கோட்டை டவுனில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே காலேஜ் என்று வளர்ந்தவள் நான். அந்த ஊரில் போய் ஓர் ஆட்டோக்காரரிடம் இது எங்கே இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்று கேட்பது பெரிய கௌரவக் குறைச்சல் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பினால் ஓர் ஊரே விரலில் ஊசி குத்திக்கொள்ள நேர்ந்தது.

கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், தைலமரக் காட்டை ஒட்டிய சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் லீவு முடிந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டார். வீட்டில் மாமனார் முத்தையா, மாமியார் செல்லம்மாள், நான், மூன்று மாடுகள். அந்த வரிசையில் எனக்குக் கடைசி இடம்.

மாடுகளில் மாமியாருக்கு உயிர் யாழினி. கலப்பினப் பசு, சாதுவானது, பால் சொசைட்டியில் மாமியாருக்குத் தனி மரியாதை வாங்கிக் கொடுத்தது. என் நாத்தனார், பெண் குழந்தை பிறந்தால் வைப்பதற்காக யாழினி என்ற பெயரைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாராம். பிறந்தது பையன். அதே வாரம் கொட்டகையில் ஒரு கிடாரிக் கன்று பிறந்தது. இவ்வளவு நல்ல பெயர் வீணாகப் போகக்கூடாது என்று அதற்கு வைத்துவிட்டார்கள்.

அந்த வருடம் மழை விட்டதும் ஊரில் மாடுகளுக்கு ஒரு காய்ச்சல் வர ஆரம்பித்தது. முதலில் தீனி எடுக்காது. அப்புறம் பால் குறையும். அப்புறம் மூத்திரம் காபி நிறத்தில் போகும். கீழத்தெரு ராக்கம்மா அக்காவின் மாடு படுத்தது எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். புதுத் தீவனத்தால் வந்தது என்றார்கள், புது போர் தண்ணீரால் என்றார்கள், கண்ணு பட்டதால் என்றார்கள். கால்நடை டாக்டர் மட்டும், உண்ணி கடித்து வருவது என்றார். நோயுள்ள மாட்டைக் கடித்த உண்ணி வழியாக ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி அடுத்த மாட்டுக்குப் போகிறது. ஒரு வீட்டில் மருந்தடித்தால் உண்ணி பக்கத்துக் கொட்டகைக்குக் குடிபோய்விடும். ஊர் மொத்தமும் ஒரே நாளில் செய்தால்தான் நிற்கும் என்று விளக்கினார். அதற்காகச் சொசைட்டி வாசலில் ஒரு கூட்டமும் போட்டார். டாக்டர், அவருடைய உதவியாளர், என் மாமனார் ஆகியோர் கலந்துகொண்டு சிறப்பித்தார்கள். (டீ கொடுப்பார்கள் என்று மாமனாரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.)

பிறகு யாழினி படுத்தது.

டாக்டர் வந்து அதன் கண்ணின் கீழ் இமையை விலக்கிக் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பே இல்லை. காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, ஒட்டுண்ணியிலேயே ரெண்டு மூணு வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து, எதுவென்று பார்த்துப் போட்டால் நல்லது என்று சொல்லி, கழுத்தில் ரத்தம் எடுத்துச் சின்னக் குழாயில் அடைத்தார். புதுக்கோட்டையில் உள்ள மாட்டு லேபுக்கு யாராவது கொண்டுபோக வேண்டும். உதவியாளர் அன்று லீவு.

மாமியாரின் கண் கலங்கியிருந்தது. நல்ல பெயர் எடுக்க எனக்கு இதைவிடச் சந்தர்ப்பம் வாய்க்குமா? நான் போகிறேன் என்றேன்.

“எடம் தெரியுமாம்மா?” என்றார் டாக்டர்.

“நல்லாத் தெரியும் சார்” என்றேன். அப்படி ஒரு லேப் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், மாட்டின் பெயரும் சொந்தக்காரர் பெயரும் சொன்னால் போதும் என்றார் அவர். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்க்கில் ரத்தக் குழாயை வைத்து, பஸ் ஏறி, டவுனில் இறங்கி, ஆட்டோவில் உட்கார்ந்து, “லேபுக்குப் போங்க” என்றேன். எந்த லேப் என்று கேட்டார். “ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்தான்” என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவர் பாவம், இருப்பதிலேயே நல்ல லேபாகப் பார்த்து இறக்கிவிட்டார்.

கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. மூலையில் ஒரு மீன்தொட்டி. மாடுகளுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நாற்காலிகளில் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, யார் யார் வீட்டில் மாட்டுக்கு என்னவோ என்று பரிதாபப்பட்டேன். ஒரு பெரியவர் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். மாடு முட்டியிருக்கும் என்று முடிவு செய்தேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“பேரு?”

“யாழினி.”

“வயசு?”

“நாலு.”

“அப்பா பேரு?”

மாட்டுக்குச் சொந்தக்காரரை டவுனில் இப்படிப் பாசமாகச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, “முத்தையா” என்றேன்.

காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டாள். நூற்றைந்துக்கு மேல் என்றதும் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. பால் குடிக்கிறதா என்றாள். என் காதில் ‘கொடுக்கிறதா’ என்று விழுந்தது. ரொம்பக் குறைந்துவிட்டது என்றேன். ஒன்றுக்குப் போவது காபி நிறத்தில் இருக்கிறது என்பதையும் நானாகவே சேர்த்துச் சொன்னேன். இதையெல்லாம் நான் புடவை விலை சொல்கிற நிதானத்தில் சொன்னதால், அவள் என்னை ஒரு கொடுமைக்கார சித்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மாட்டின் மேல் எவ்வளவு பிரியம் இந்தப் பெண்ணுக்கு என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

சாயங்காலம் வீட்டில் இருந்தபோது லேபிலிருந்து போன் வந்தது. பேசியவர் பதறிப்போயிருந்தார். ரத்தம் பயங்கரமாகக் குறைந்திருக்கிறது, சிவப்பணுவுக்குள் மலேரியா கிருமி ஏராளமாக இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள், 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். அதில் ஏற்ற முடியாது, எழுந்தால் மெதுவாக நடத்தித்தான் கூட்டிக்கொண்டு வர முடியும், ஆறு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் ஊர் பெயரையும் தெருவையும் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்.

மாட்டுக்கு மலேரியா வருமா என்று மாமியார் கேட்டார். லேபில் இருப்பவர்கள் படித்தவர்கள் அத்தை, அவர்களுக்குத் தெரியாதா என்றேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜீப், ஒரு 108, புகை அடிக்கிற மிஷின் வைத்த ஒரு வேன் எல்லாம் வந்து நின்றன. நாலு வயதுக் குழந்தைக்கு மலேரியா என்றால் சுகாதாரத் துறை சும்மா இருக்குமா? ஒரு கூட்டம் தெருமுனையிலிருந்தே வீடு வீடாகப் புகுந்து, காய்ச்சல் பார்த்து, விரலில் குத்தி ரத்தம் எடுக்க ஆரம்பித்தது. ஒரு லேடி டாக்டரும் சுகாதார இன்ஸ்பெக்டரும் ஊர் நர்சம்மாவும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

நர்சம்மா மாமனாரைப் பார்த்த பார்வையே சரியில்லை. இந்த ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு குழந்தை பிறக்க முடியாது. அறுபது வயதைத் தாண்டிய முத்தையாவுக்கு நாலு வயதில் ஒரு மகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

“யாழினி ஒங்க பொண்ணுங்களா?” என்றார் லேடி டாக்டர்.

“ஆமாங்க, மக மாதிரித்தான்” என்றார் மாமனார் பெருமையாக.

நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“புள்ள எங்க?”

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, “கொல்லையில கெடக்கா. எந்திரிக்கவே மாட்டேங்கிறா” என்றார்.

“இவ்வளவு காய்ச்சல்ல இருக்கிற புள்ளைய கொல்லையிலயா போட்டு வச்சிருக்கீங்க?”

“வேற எங்கங்க கட்டுறது? வீட்டுக்குள்ளயா கட்ட முடியும்?”

“கட்டி வேற போட்டிருக்கீங்களா?”

அதற்கு மேல் டாக்டர் நிற்கவில்லை. எங்களைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினார். பின்னால் இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள். சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்த எனக்கு, அந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் அந்த லேப் ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி, முழங்கையில் பஞ்சு எல்லாம் வரிசையாக வந்து போயின.

டாக்டர் கொட்டகைக்குள் நின்று மாட்டைப் பார்த்தார். மாட்டுக்குப் பின்னால் பார்த்தார். குனிந்து தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் பார்த்தார். “யாழினி எங்கம்மா?” என்றார்.

“இதாங்க” என்றார் மாமியார். தன் பெயரைக் கேட்ட யாழினி தலையைத் தூக்கி எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

ஸ்ட்ரெச்சர் பிடித்திருந்தவர்தான் முதலில் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை, ரத்தம் யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான்தாங்க. மாட்டு லேபுனு நெனச்சுக் குடுத்துட்டேன்” என்றேன். நர்சம்மா மட்டும் மாமனாரைப் பார்த்து மனதார ஒரு கும்பிடு போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஊசி குத்துவதை நிறுத்த ஓடினார். ஆனால் அதற்குள் அநேகமாக எல்லா விரலும் முடிந்துவிட்டது. விஷயம் பரவி, ஊரே கட்டைவிரலால் மற்ற விரலை அழுத்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இனிமேல் மாட்டு ஆஸ்பத்திரியில் நமக்கு டானிக் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சமயத்தில், சாம்பிள் வந்து சேரவில்லையே என்று தேடிக்கொண்டு கால்நடை டாக்டர் பைக்கில் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற கூட்டத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபில் யாழினியின் ரத்தம் தேய்த்த கண்ணாடித் தகடு இன்ஸ்பெக்டரின் பையில் இருந்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரண்டு டாக்டர்களும் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். லேப்காரர் மேல் தப்பில்லையாம். இந்த ஒட்டுண்ணியும் மலேரியா கிருமி போலவே சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்குமாம். என்ன வகை, என்ன ஊசி என்று தெரிந்துவிட்டது. (நான் சரியான லேபுக்கே போயிருந்தாலும், அன்று சனிக்கிழமை என்பதால் திங்கட்கிழமைதான் பதில் வந்திருக்கும். இதை நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை.)

அவர்கள் திரும்பி வரும்வரை ஊர் கலையாமல் என்னைப் பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் வந்து இறங்கியதும் ராக்கம்மா அக்கா குரல் உயர்ந்தது; நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“எம் மாடு சாகுறப்ப இதுல ஒரு வண்டி வந்திருந்தாத் தேவலாம்” என்றார் டாக்டர்களிடம். “போகட்டும், இப்பவாச்சும் வந்திருக்கீங்க. ஊரே நிக்கிது. மிச்ச மாட்டையெல்லாம் பாத்துட்டுப் போங்க.”

அதற்கப்புறம் யாரும் என்னைப் பேசவில்லை. ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கால்நடை டாக்டர் காய்ச்சல் பார்த்து, தேவைப்பட்டதற்கு ஊசி போட்டார். மாடுகளின் மேல் உண்ணி மருந்தும், கொட்டகைச் சுவர் விரிசல்களில் சுண்ணாம்பும் அன்றைக்கே ஆரம்பமாயின. புகை அடிக்க வந்த பையன்கள், வந்ததற்கு ஒரு வேலையாகட்டும் என்று ஸ்பிரேயரை வாங்கிக்கொண்டார்கள். மாட்டின் வாலைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை மாமியார் எனக்குக் கொடுத்தார். ஒரு மாட்டின் வால் இல்லை, ஊர் மாட்டின் வால். வால் பிடித்து என்ன கிடைத்தது என்பதை என் சேலை சொல்லும்.

மாமியார் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. யாழினிக்கு ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். கொல்லையிலிருந்து, “சுகன்யா, இங்கிட்டு ஓடியா” என்று ஒரு கூப்பாடு. செத்தேன் என்று ஓடினேன். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். யாழினி எழுந்து நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. காபி நிறம் போய், தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போனது. மாமியாரும் மருமகளுமாக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு மாடு மூத்திரம் போவதை ஆனந்தக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்துதான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அதன்பின் ஊரில் அந்தக் காய்ச்சலில் ஒரு மாடும் சாகவில்லை. இப்போது கால்நடை டாக்டர் வருகிறார் என்றால் எல்லோரும் மாட்டோடு வந்துவிடுகிறார்கள்.

யாழினி அடுத்து ஈன்றது ஒரு கிடாரி. பால் மறந்ததும் மாமியார் அதை ராக்கம்மா அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். மாட்டுக்கு மனுஷப் பெயர் வைக்கக்கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. ராக்கம்மா அக்கா யோசிக்கவே இல்லை. மலேரியா என்று வைத்தார். வளர்ந்து இன்று தெருவிலேயே அழகான மாடு அது. சாயங்காலம் அக்கா வாசலில் நின்று “மலேரியா வந்துருச்சா” என்று கேட்பதும், வந்துவிட்டது என்று யாராவது பதில் சொல்வதும் எங்களுக்குப் பழகிவிட்டது.

போன மாதம் ஊருக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொண்டு வந்தவர், ராக்கம்மா அக்கா வாசலில் நின்று, இந்தத் தெருவில் யாருக்காவது மலேரியா வந்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்.

“எங்க வீட்டுலதான் இருக்கு. நேத்துத்தான் கன்னு போட்டுச்சு” என்றாராம் அக்கா. “உள்ள வாங்க, சீம்பால் தாரேன்.”

பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் கொடுத்தார். “சுகன்யா, இங்கிட்டு வந்து இந்தப் பிள்ளைக்கு வெவரத்தச் சொல்லு.”