என்னைத் தேடி வந்த வாரண்ட்

என் பெயருக்கு எழுதி அனுப்பிய ஒரே ஆள் அரசாங்கம்தான். அதுவும் மூன்று முறை. மூன்றையும் நான் மதிக்கவில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டு ராமநாதபுரம் பக்கமிருந்து திருப்பூர் வந்தவன் நான். ஒரு பனியன் கம்பெனியில் தீபாவளி போனஸ் வாங்கினால் அடுத்த தீபாவளிக்கு வேறு கம்பெனி, வேறு ரூம். அந்தச் சமயம் மங்கலம் ரோட்டில் அயர்ன் மாஸ்டராக இருந்தேன். (மாஸ்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற எல்லோருக்கும் இங்கே அந்தப் பட்டம் உண்டு.)

ஒரு காலையில் ஷிஃப்டுக்குப் போகும்போது, சரக்கு வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் வந்து, ஓரமாக நடந்துபோன பெண்ணின் காலில் ஏறிவிட்டது. மல்லிகா அக்கா, ஓவர்லாக் டெய்லர். நான்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். நேரில் பார்த்த ஒரே ஆள் என்பதால் போலீஸ்காரர் என் பெயரை எழுதிக்கொண்டு நிரந்தர முகவரி கேட்டார். எனக்கு நிரந்தரமாக எது இருந்தது? தினமும் டீ குடிக்கிற பேக்கரியின் முகவரியைச் சொன்னேன்.

சில மாதம் கழித்து, தேங்காய் பன் தட்டுக்கு அடியிலிருந்து சம்மனை எடுத்து நீட்டினார் பேக்கரி அண்ணன். தானாகத் தடுக்கி விழுந்தாள் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். நான் போய்ச் சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் கேஸ் நிற்காது என்று விவரமாகச் சொன்னார். எனக்கும் புரிந்தது. ஆனால் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டு, கடைசியில் வேனை ஓட்டியதே நான்தான் என்று ஆக்கிவிடுவார் என்ற பயம். முதல் சம்மனுக்கு ஷிப்மெண்ட் என்று போகவில்லை. இரண்டாவதற்குக் காய்ச்சல். (காய்ச்சல் நிஜம்தான். சம்மனைப் பார்த்த பிறகு வந்தது.) மூன்றாவது வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் போய் ஒரு தேங்காய் குடோனில் சேர்ந்தேன்.

அங்கே பேச ஆள் இல்லை. உரிக்கிற இடத்தில் யார் பேசுவார்கள்? போன் அடித்தால் ரீசார்ஜ் முடிகிறது என்று ஒரு ரெக்கார்டு குரல் சொல்லும். அதைக்கூட முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். பன்னிரண்டாம் நாள் தாங்காமல் பேக்கரிக்குப் போன் போட்டேன்.

"என்னைய யாரும் தேடுனாங்களாண்ணே?"

"ஆமாங்க தம்பி. ஒருத்தரு ரெண்டு தடவ வந்து ரொம்ப அக்கறையா விசாரிச்சாருங்க. எங்க இருக்கறீங்கன்னு சொன்னாத் தேவலைங்க."

என்னைத் தேடி ஒரு ஆளா! குடோன் பெயர், தெரு, பக்கத்து மெக்கானிக் கடை வரை சந்தோஷமாகச் சொன்னேன். எத்தனை மணிக்கு வந்தால் நான் இருப்பேன் என்பதையும் சேர்த்து.

மறுநாள் சரியாக அந்த நேரத்துக்கு ஒரு ஏட்டையா வந்து நின்றார். "வாரண்ட் இருக்குதுங்க. கெளம்பலாங்களா?" என்றார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. அவிநாசிபாளையத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். வழியில் எங்கும் நான் இறங்கிவிடக் கூடாதே என்று பக்கத்தில் ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டே வந்த பயணம், என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கோர்ட்டில் மல்லிகா அக்கா ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். மூன்று வாய்தாவுக்கும் இப்படியே வந்து, நான் வராமல் திரும்பிப் போனவர். எனக்குத் தலை நிமிரவில்லை.

"சாட்சிக்கு வரலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார் நீதிபதி அம்மா.

"இப்பத் தெரிஞ்சிருச்சும்மா."

அன்று பார்த்து டிரைவரின் வக்கீல் வரவில்லை. கேஸைத் தள்ளி வைத்து, அடுத்த வாய்தாவுக்கு நான் வருவேன் என்று ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். வராந்தாவில் நின்று போனைத் தடவினேன். 'செந்தில் பழைய ரூம்', 'செந்தில் கட்டிங்', 'கேஸ் சிலிண்டர்', 'மெஸ் அக்கா'. மூன்று பேர் எடுக்கவில்லை. எடுத்த செந்தில், எந்த அயர்ன் மாஸ்டர் என்று கேட்டான்.

யாருமில்லை என்று உள்ளே போய்ச் சொன்னேன். அதைச் சத்தமாகச் சொல்வது அதுவே முதல் தடவை.

பெஞ்சில் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம். "நான் நிக்கறனுங்க அம்மா," என்று எழுந்தார் மல்லிகா அக்கா. "இவரு மறுக்காவும் ஓடிட்டா எனக்குத்தானுங்க நட்டம். நானே புடிச்சு வெச்சுக்கறனுங்க." நீதிபதி அம்மாவே சிரித்துவிட்டார்.

(சாட்சிக்குப் பயணப்படி உண்டாமே என்று வெளியே வந்து கேட்டேன். பஸ் டிக்கெட் எங்கே என்றார் கிளார்க். போலீஸ் கூட்டிவந்தது என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.)

அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட் திறக்கும் முன்பே போய் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். வக்கீல் என்னை வேன் ஓட்ட வைக்கவில்லை. கேஸ் நின்றது, டிரைவருக்குத் தண்டனையும் கிடைத்தது. அக்காவின் கால்தான் முழுசாக மடங்குவதில்லை.

இன்றும் அவர்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் வரத் தாமதமானால், "வாரண்ட் போட்டாத்தான் வருமாட்ட இருக்குது" என்கிறார் அக்காவின் வீட்டுக்காரர். நான் அங்கே இருந்தால் அதை இரண்டு தடவை சொல்வார்.

ஜாமீன் காலத்தில் மறுபடி திருப்பூரிலேயே ரூம் எடுத்தேன். ஞாயிறுதோறும் அக்கா எனக்குப் போன் செய்து சரிபார்ப்பார். கேஸ் முடிந்து நாலு வருஷம் ஆகிறது. போன் மட்டும் நிற்கவில்லை.

"இருக்கறீங்களா, ஓடிட்டீங்களா?"

"இருக்கேன்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. நாலு தீபாவளி போய்விட்டது. நான் இன்னும் ரூம் மாற்றவில்லை.